மகாராஜா பார்த்த ஜன்னல்கள்

எங்கள் தெருவில் என் சித்தப்பாவுக்கு மகாராஜா என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. ஏன் வைத்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவர் டூரிஸ்ட் பஸ் டிரைவர். நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு போவார். வழியில் இருக்கிற பழைய, பெரிய, பேர்பெற்ற ஓட்டல்களில் அவர்களை இறக்குவார், மறுநாள் ஏற்றுவார். ஊர் திரும்பிய அடுத்த காலையே சலூனுக்குப் போய் நாற்காலியில் சாய்வார். ஷேவிங் முடிவதற்குள் ஒரு ஓட்டலைக் கட்டி முடித்து, அதற்குச் சுண்ணாம்பும் அடித்துவிடுவார். மலை ஓட்டலின் படிக்கட்டு மயில் தோகை மாதிரி விரியும். துறைமுக ஓட்டலின் குளியல் தொட்டிக்குச் சிங்கப் பாதம். ஸ்டேஷன் எதிரே இருக்கிற ஓட்டலில் லிஃப்டுக்கு வெள்ளிக் கைப்பிடி. ஏரிக்கரை ஓட்டலில் ஒரு கட்டில் உண்டு. அதில் ஏறுவதற்கென்றே பக்கத்தில் ஒரு குட்டி ஏணி.

"அதுல படுத்தீங்களா மகாராஜா?" என்று சலூன்காரர் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்பார்.

"படுத்தேன். தூக்கம்தான் வரல. உயரம் பழக்கமில்ல பாரு, உருண்டுட்டா?"

அதே ஓட்டல் பிறகு வீட்டுக்கு வரும். வீட்டில் சித்தி தையல் மெஷினில் இருப்பாள். அவள் தைப்பது சட்டையோ ரவிக்கையோ அல்ல, ஜன்னல் திரைகள். கடைத்தெருவில் உள்ள ஒரு பெரிய துணிக்கடைக்கு அவள்தான் திரை தைத்துக் கொடுப்பாள். முன்னறையில் தைக்கும் திரை சமையலறை வரை நீண்டு கிடக்கும். அந்த வீட்டுக்குள் யார் போனாலும் முதலில் கீழே பார்த்துவிட்டுத்தான் காலை ஊன்றவேண்டும். நான் குழந்தையாக நடை பழகியதே அங்கேதான் என்பதால், இன்றைக்கும் தரையைப் பார்த்தே நடக்கிறேன் என்று அம்மா திட்டுவாள்.

சித்தப்பா படிக்கட்டையும் தொட்டியையும் ஏணியையும் சொல்லி முடிக்கிறவரை சித்தி மெஷினை நிறுத்தமாட்டாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"கர்ட்டன் எப்படி?"

அதுவரை கையை வீசிப் பேசிக்கொண்டிருந்தவர் அந்தக் கேள்விக்கு மட்டும் அடங்கிவிடுவார். கொஞ்சம் யோசித்து, "ஜன்னல் முழுக்கத் தொங்குது. வெள்ளைதான். லேசா மஞ்சள் அடிச்ச வெள்ளை" என்பார்.

"ம்" என்பாள் சித்தி. மெஷின் மறுபடி ஓடும்.

இப்படியே அவர்களுக்கு வயதாகி, சித்தப்பா ஓய்வு பெற்றார். கம்பெனி ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பியது. அதை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று அவர் ஆணியும் கையுமாக அலைந்துகொண்டிருந்தபோது, சித்தி மெஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"ஏங்க, இத்தனை நாள் ஊர் பேர் தெரியாதவங்களையெல்லாம் ஏத்திக்கிட்டு ஓடுனீங்க. இனிமே என்னை ஏத்திக்கிட்டுப் போங்க. ஓட வேண்டாம், மெதுவாப் போவோம். நீங்க சொன்ன ஓட்டல் ஒவ்வொண்ணுலயும் தங்கித் தங்கி, அந்தக் கோடி வரைக்கும்."

சித்தப்பா ஆணியை அடித்தார். ஆணி நேராக இறங்கியது. கூடவே சுத்தியல் கட்டைவிரல் மேலும் இறங்கியது.

பயண ஏற்பாடு என் தலையில் விழுந்தது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கியவளுக்கு டிவி ரிமோட் பழுது பார்ப்பதிலிருந்து ரேஷன் கார்டில் பெயர் திருத்துவது வரை எல்லாம் தெரியும் என்பது அவர்கள் நம்பிக்கை. அப்போது நான் வேலை தேடிக்கொண்டிருந்தேன். அதாவது, அம்மாவின் மொழியில், சும்மா இருந்தேன்.

"அவ ஹிஸ்டரிதானே படிச்சா? ஓட்டலும் பழைய ஓட்டல்தானே?" என்றாள் சித்தி. அத்தோடு அது என் துறையாகிவிட்டது.

நான் உற்சாகமாகத்தான் ஆரம்பித்தேன். சாலை வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் நான்கு டம்ளர் வைத்தேன். ஒரு நாளைக்கு அரை நாள்தான் கார் ஓட்டம், மீதி நேரம் ஓட்டலில் கால் நீட்டி உட்காரலாம் என்று கணக்குப் போட்டேன். ஆச்சரியம் என்னவென்றால், வருஷக்கணக்காக ஓட்டல் புராணம் பாடிய மனிதர் திடீரென்று எல்லா ஓட்டலுக்கும் எதிரியாகிவிட்டார்.

"மலை ஓட்டலா? அங்க இப்ப ரோடே இல்ல கண்ணு. மழையில போயிடுச்சு."

ஃபோன் செய்து கேட்டேன். ரோடு இருந்தது. சமீபத்தில் அகலமாக்கியும் இருந்தார்கள்.

"துறைமுக ஓட்டல்ல தண்ணி உப்பு. உங்க சித்திக்கு முடி கொட்டிடும்."

"கொட்டினா கொட்டட்டும். இருக்கிறதே நாலு முடி" என்றாள் சித்தி, ஊசியில் நூல் கோத்தபடி.

"ஸ்டேஷன் ஓட்டல்ல ஆவி நடமாட்டம்னு சொல்லுவாங்க."

"நீங்க அங்க எத்தனையோ தடவை தங்கியிருக்கீங்களே. உங்களைப் பார்த்துமா அது இன்னும் ஓடாம இருக்கு?"

சித்தப்பா எழுந்து போய்க் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தார். அது பேட்டரி கடிகாரம்.

எனக்குச் சந்தேகம் வந்தது ஏரிக்கரை ஓட்டலில். அதன் இணையப் பக்கத்தில் எல்லா அறைகளின் படங்களும் இருந்தன. ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்தேன். எல்லாம் என் முழங்கால் உயரத்தில், சாதுவான கட்டில்கள். ஏணி எங்கேயும் இல்லை. மலை ஓட்டலின் பக்கத்துக்குப் போனேன். அதன் படிக்கட்டு பேங்க் படிக்கட்டு மாதிரி நேராக ஏறி நேராக நின்றது. சிங்கத்தைத் தேடித் துறைமுகத்துக்குப் போனேன். பாதம் மட்டுமல்ல, தொட்டியே இல்லை.

அடுத்த நாள் மெக்கானிக் ஷெட்டில் சித்தப்பாவைப் பிடித்தேன். பயணத்துக்காக வாங்கிய பழைய காரின் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன்.

"சித்தப்பா, அந்த ஏணி எந்த ரூம்ல?"

அவர் தலையை வெளியே எடுக்கவில்லை. "எந்த ஏணி?" என்று இன்ஜினிடம் கேட்டார்.

"கட்டில் ஏணி."

ஸ்பேனரால் ஒரு போல்ட்டை இறுக்கினார். பிறகு மெக்கானிக்கை டீ வாங்கிவர அனுப்பினார். ஆள் போனதும் பானெட்டுக்குள்ளிருந்தே பேசினார்.

"டூரிஸ்ட் பஸ்ஸுக்கு ஒரு முறை இருக்கு கண்ணு. போர்டிகோவுல நிறுத்தணும். ஆளை இறக்கணும், பெட்டியை இறக்கணும். உடனே வண்டியைப் பின்பக்கம் கொண்டு போயிடணும். டிரைவர் முன்பக்கம் கால் வைக்கக் கூடாது. பின்கேட், அதுக்கு நேரா கிச்சன், அதுக்குப் பக்கத்துல டிரைவர் ஷெட். சோறு நல்லாப் போடுவாங்க, அதைக் குறை சொல்ல முடியாது. அங்கதான் படுப்போம்."

"ஒரு ஓட்டல்லகூட உள்ள போனதில்லையா?"

"எதுக்குப் போகணும்? எனக்கா சாவி குடுக்கிறாங்க?"

"அப்புறம் ஏன் சித்தப்பா இவ்வளவு..."

"கல்யாணம் ஆன புதுசுல முதல் டிரிப் போயிட்டு வந்தேன். ஓட்டல் எப்படி இருந்ததுன்னு கேட்டா. கண்ணு ரெண்டும் விரிஞ்சு கிடக்குது அவளுக்கு. டிரைவர் ஷெட்டுல சாக்குப் பை மேல படுத்தேன்னு எப்படிச் சொல்றது? ஒரு படிக்கட்டு சொன்னேன். நல்லா இருந்துச்சு. அடுத்த டிரிப்புக்கு ஒண்ணு வேணுமில்ல?" அவர் தலையை வெளியே எடுத்தார். மூக்கில் கிரீஸ். "இப்ப நேர்ல பார்த்தான்னு வையி, ஒண்ணும் இருக்காது. இதுவே பொய்னா, நான் சொன்னது எல்லாமே பொய்னு ஆயிடும். இத்தனை வருஷத்துல அவகிட்ட நான் பேசினது வேற என்ன இருக்கு, சொல்லு. பாதி நாள் ரோட்டுல. வீட்டுக்கு வந்தா இந்தக் கதைதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கவில்லை. பட்டம் வாங்கியதிலிருந்து எனக்கே ஒரு குழப்பம் உண்டு. படித்தவர்கள் கூடும் இடங்களில் நான் உள்ளே வந்துவிட்டேனா, அல்லது போர்டிகோவில் நின்றுகொண்டு உள்ளே இருப்பதைப் பற்றிப் பேசுகிறேனா? இந்த மனிதரை நான் எந்தத் தகுதியில் குறுக்கு விசாரணை செய்கிறேன் என்று தோன்றியது. அதனால் செய்யக்கூடாததைச் செய்தேன். அவர் கட்சியில் சேர்ந்தேன்.

"புதுப்பிச்சுட்டாங்கன்னு சொல்லிடலாம் சித்தப்பா. பழசையெல்லாம் எடுத்துட்டாங்க, ஏணி உளுத்துப்போச்சு, அப்படின்னு."

அவர் முகம் மலர்ந்தது. "இதுக்குத்தான் படிக்கணும்கிறது" என்றார். என் பட்டத்துக்கு அதுவரை கிடைத்த ஒரே பாராட்டு அது.

திட்டம் ஒரு மணி நேரம்தான் உயிரோடு இருந்தது. சித்தி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு மலை ஓட்டலுக்கு ஃபோன் போடச் சொன்னாள். ஸ்பீக்கரிலும் போடச் சொன்னாள். நான் எங்கள் கட்சிக் கேள்வியைக் கேட்டேன்.

"உங்க ஓட்டலை நடுவுல புதுப்பிச்சீங்களா சார்?"

மறுமுனையில் இருந்தவருக்கு மனம் புண்பட்டுவிட்டது. "என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? எங்க பேரே அதுலதான் இருக்கு. கட்டினப்ப எப்படி இருந்ததோ அப்படியே இருக்கு. ஒரு ஆணியைக்கூட மாத்தினதில்ல."

"கேட்டீங்களா? ஒரு ஆணிகூட மாத்தலையாம்" என்றாள் சித்தி, சித்தப்பாவைப் பார்த்து. "அப்ப மயில் படிக்கட்டு பத்திரமா இருக்கும்."

சித்தப்பா தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

அன்றிலிருந்து சித்தி அவரை விடவில்லை. சோறு போடும்போது, "அந்தக் கட்டில் ஏணி மரமா, பித்தளையா?" என்பாள். அவர் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு மரம் என்று தலையாட்டுவார். "போன தடவை பித்தளைன்னு சொன்ன ஞாபகம்." பித்தளை என்றும் தலையாட்டுவார். என்னிடம் வந்து, "ஏன்டி, ஏணி வச்ச ரூம்தான் வேணும்னு கண்டிப்பாச் சொல்லு. வேற ரூம் குடுத்தா நான் இறங்கவே மாட்டேன், கார்லயே உட்கார்ந்துக்குவேன்" என்பாள். நான் சொல்கிறேன் சித்தி என்பேன். எந்தப் பக்கம் பேசினாலும் ஒரு பொய்க்குக் காவலாக நிற்க வேண்டியிருந்தது. அதைவிட வேலை தேடுவது சுலபமாகத் தோன்றியது.

புறப்படும் நாள் நெருங்கியது. சித்தப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

அது பிடித்த விதம் விசேஷமானது. யாராவது அறைக்குள் வந்தால் பிடிக்கும், வெளியே போனால் விடும். வெந்நீர்ப் பையை முதுகுக்குக் கீழே வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். "இந்த முதுகை வச்சுக்கிட்டு எப்படிம்மா அவ்வளவு தூரம் ஓட்டுறது" என்றார்.

சித்தி வாசற்படியில் நின்று அவரைப் பார்த்தாள். கிண்டல் எதுவும் செய்யவில்லை. "சரி. போக வேண்டாம்" என்றாள்.

உள்ளே போய், கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்தாள். மேலே ஒரு புதுப் போர்வை. ஓட்டல் போர்வை ஒத்துக்கொள்ளாது என்று அவளே வாங்கியது. அதை எடுத்து அலமாரியில் வைத்தாள். புதுச் செருப்பை அட்டைப்பெட்டிக்குள் போட்டாள். பிறகு போய் மெஷினில் உட்கார்ந்தாள். ஆனால் மெஷின் ஓடவில்லை. அந்த வீட்டில் நான் கேட்ட மிகப் பெரிய சத்தம் அதுதான். அதற்கு முன்னால் அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு நாள்கூட வெளியூரில் தங்கியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சித்தப்பாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். கட்டில் கிறீச்சிட்டது. முதுகுவலிக்காரர் கூன் இல்லாமல் நடந்து வந்தார், கீழே கிடந்த திரையைப் பார்த்துத் தாண்டினார், மெஷினுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நான் எந்த ஓட்டலுக்குள்ளயும் போனதில்ல" என்றார். "ஏணி இல்ல, மயில் இல்ல, சிங்கம் இல்ல. எல்லாம் நானாச் சொன்னது. பின்பக்கம் ஷெட்டுலதான் படுத்திருந்தேன்."

சித்தி தலையை நிமிர்த்திப் பார்த்தாள். "கர்ட்டன்?"

"கர்ட்டன் மட்டும் நிஜம். அதுல உன்கிட்டப் பொய் சொல்ல முடியுமா? தைக்கிறவ நீ. ஷெட்டுலேருந்து ஜன்னல் தெரியாது. தோட்டத்தைச் சுத்திக்கிட்டு முன்பக்கம் போய்த்தான் பார்க்கணும். வாட்ச்மேன் விரட்டுவான். விரட்டினா இன்னொரு பக்கமாப் போய்ப் பார்ப்பேன்."

"எல்லா ஓட்டல்லயும் வெள்ளை."

"எல்லாத்துலயும் வெள்ளைதான். சத்தியமா."

சித்தி மடியிலிருந்த திரையை எடுத்தாள். நல்ல ரத்தச் சிவப்பில் கனமான துணி. அதை அப்படியே திருப்பிப் போட்டாள். மறுபக்கம் வெள்ளை. லேசாக மஞ்சள் அடித்த வெள்ளை.

"இதுக்குப் பேரு லைனிங்" என்றாள். "வெயில் பட்டாச் சாயம் போயிடும்னு வெளிப்பக்கம் வெள்ளை வச்சுத் தைக்கிறது. வெளியில நின்னு அண்ணாந்து பார்க்கிறவனுக்கு எந்த ஓட்டலும் வெள்ளைதான். இத்தனை வருஷமா இந்த வீட்டுல இதைத் தாண்டித் தாண்டிப் போறீங்க. ஒரு நாளாவது குனிஞ்சு பார்த்தீங்களா?"

சித்தப்பா துணியைத் தடவிப் பார்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். "அப்ப உனக்கு..."

"நாலஞ்சு ஓட்டல் சொன்னதுமே."

"தெரிஞ்சுமா கேட்டுக்கிட்டே இருந்த?"

"நல்லாத்தானே சொல்லுவீங்க. ரேடியோவை அணைக்க மனசு வருமா?" சித்தி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அதுலயும், வாட்ச்மேன்கிட்டத் திட்டு வாங்கிக்கிட்டு எனக்காக ஜன்னல் பார்க்கிற ஆளை எப்படிக் கேட்கிறது, நீ உள்ள போனியான்னு?"

சித்தப்பா துணியைக் கீழே வைத்தார். மூக்கை உறிஞ்சினார். உறிஞ்சிய பிறகு, துணியில் தூசி என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

"அப்ப நேத்து வரைக்கும் அந்த ஏணி மரமா பித்தளையான்னு ஏன் சித்தி அவரை வறுத்தெடுத்த?" என்று நான் கேட்டேன்.

"எத்தனை ஏணி வச்சிருக்காருன்னு பார்க்கத்தான்" என்றாள் சித்தி. "நீயும் ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நின்னியே, எனக்குத் தெரியாதா? ஓட்டலைப் புதுப்பிச்சீங்களான்னு ஃபோன்ல கேட்டவ யாரு?"

முதுகுவலி அத்தோடு போயிற்று. சித்தி போர்வையை மறுபடி பெட்டியில் வைத்தாள், ஒரு நிபந்தனையும் வைத்தாள். ஒவ்வொரு ஓட்டல் வாசலிலும் சித்தப்பா காரை நிறுத்திவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று வழக்கம்போல் அளக்க வேண்டும். பிறகு இருவருமாகப் போய்ப் பார்ப்பார்கள். அளந்ததில் ஒன்றாவது இருந்தால் அன்று அவருக்கு விடுமுறை. ஒன்றும் இல்லையென்றால் அவள் துணியையும் சேர்த்து அவர்தான் துவைக்க வேண்டும்.

"அப்ப சோப்பு நிறைய எடுத்துக்க" என்றார் சித்தப்பா.

ஒரு புதன்கிழமை காலை கிளம்பினார்கள். மகாராஜா ராணியோடு போகிறார் என்று தெருவே வாசலில் நின்றது. "ஏணியை நான் விசாரிச்சதாச் சொல்லுங்க" என்றார் சலூன்காரர். கார் தெருமுனையைத் தாண்டவே வெகுநேரம் பிடித்தது. மெதுவாகப் போவது என்றால் இவ்வளவு மெதுவா என்று பின்னால் வந்த பால் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார்.

மறுநாள் மத்தியானம் மலை ஓட்டலிலிருந்து சித்தி ஃபோன் செய்தாள். எங்கேயோ உயரத்தில் இருந்து பேசுவது போல மூச்சு வாங்கியது.

"எப்படி இருக்கு சித்தி?"

"அதை ஏன் கேட்கிற? நேத்து போர்டிகோவுல என்னை இறக்கினாரு, பெட்டியை இறக்கினாரு. அப்படியே வண்டியை எடுத்துக்கிட்டுப் பின்னாடி போயிட்டாரு. கை தானாத் திருப்பிடுச்சாம். நான் சாவியை வாங்கிக்கிட்டு மகாராணி மாதிரி நிக்கிறேன், ராஜாவைக் காணோம். தேடிக்கிட்டுப் போனா கிச்சன்ல உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்காரு. சமையல்காரங்க எல்லாம் சுத்தி நின்னு ஒரே கும்மாளம். அங்கேயே எனக்கும் ஒரு தட்டு போட்டாங்க. சாப்பாடு பிரமாதம்டி."

"ரூம்?"

"ரூம் நல்லாத்தான் இருக்கு. கர்ட்டன் பச்சை, உள்பக்கம். காலையில என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போய், இந்த இடத்துல நின்னுதான் பார்ப்பேன்னு காட்டினாரு. நானும் அண்ணாந்து பார்த்தேன். மானம் போகுதுடி. எங்க ரூம் கர்ட்டன்ல லைனிங் மேல்பக்கம் தையல் விட்டு வெளியில தொங்குது. உள்ள படுத்திருக்கிறவங்களுக்குத் தெரியாது, வெளியில நிக்கிறவங்களுக்குத்தானே தெரியும். மேனேஜர்கிட்ட ஊசி நூலும் ஸ்டூலும் கேட்டேன். விருந்தாளி ஸ்டூல் மேல ஏறக்கூடாதுன்னு அந்தாளு கையைப் பிசையறாரு."

"சித்தி, நீ இப்ப எங்க நிக்கிற?"

"ஸ்டூல் மேலதான்."

"சித்தப்பா எங்க?"

"கீழ. ஸ்டூலைப் பிடிச்சுக்கிட்டு."

தூரத்தில் சித்தப்பாவின் குரல் கேட்டது. யாருக்கோ அவர் நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார்: "இல்லைங்க மேனேஜர், நீங்க பயப்படாதீங்க. ஏரிக்கரை ஓட்டல்ல இதைவிட உயரம். அங்க ஏணியே குடுத்தாங்க."